இஸ்திரிப் பெட்டி தானே அணைவதைத் தடுக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

வீட்டு மின்சாதனங்கள் தாமாகவே அணைந்துவிடுவது பற்றிய கடிதங்கள் இந்த முறை அதிகமாக வந்திருக்கின்றன. எல்லாம் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. எழுதியவர்களுள் சிலர் என் பழுதுபார்க்கும் கடைக்கே வந்து கேட்டிருக்கலாம். ஆனால் எழுதிக் கேட்டால் பதில் மற்றவர்களுக்கும் போய்ச் சேருகிறது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். தீபாவளிக்கு ரவிக்கை, பஞ்சாபி உடை என்று துணிகள் குவிந்துவிட்டன. மகன் வாங்கிக் கொடுத்த நீராவி இஸ்திரிப் பெட்டி, நிமிர்த்தி வைத்தால் எட்டு நிமிடத்தில் தானே அணைந்துவிடுகிறது. ஒரு தையலை அழுத்திவிட்டு, மெஷினில் உட்கார்ந்து அடுத்த பக்கத்தைத் தைத்து எழுந்து வருவதற்குள் பெட்டி ஆறிப்போகிறது. மின்வேலை தெரிந்த பக்கத்து வீட்டுத் தம்பி, "அக்கா, உள்ளே ரிலே என்று தானாக இயங்கும் ஒரு சுவிட்சு இருக்கிறது. அதன் இரண்டு காலையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால் அணையவே அணையாது" என்கிறான். செய்யச் சொல்லலாமா?
– தையற்கார வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தம்பி சொல்லும் வழியில் பெட்டி அணையாது என்பது உண்மைதான். ஆனாலும் செய்யச் சொல்லாதீர்கள். காரணத்தை விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் "ஆபத்து, தொடாதே" என்று மட்டும் சொன்னால் தம்பி கேட்கமாட்டார்.

இஸ்திரிப் பெட்டிக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும் பொறுப்பு மூன்று உறுப்புகளிடம் இருக்கிறது. முதலாவது தெர்மோஸ்டாட். இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு தகடு, சூட்டில் வளைந்து இணைப்பைப் பிரித்து, ஆறியதும் மறுபடி சேர்த்துவிடும். வேலை செய்யும்போது சின்ன விளக்கு அணைந்து அணைந்து எரிவதும், 'டிக்' என்று மெல்லிய ஓசை கேட்பதும் இதனால்தான். துணிக்குத் தக்கபடி ஒரு புள்ளி, இரு புள்ளி, மூன்று புள்ளி என்று நீங்கள் திருப்பி வைக்கும் அளவுகள் ஏறத்தாழ 110, 150, 200 பாகை செல்சியஸைக் குறிக்கின்றன. இரண்டாவது, அடித்தகட்டை ஒட்டி வைத்திருக்கும் வெப்ப ஃபியூஸ். தெர்மோஸ்டாட் பழுதாகி ஒட்டிக்கொண்டு சூடு எல்லை மீறினால் இது ஒரே ஒருமுறை அறுந்து, பெட்டியை நிரந்தரமாக நிறுத்திவிடும். மூன்றாவது, கைப்பிடியின் பின்புறத்தில் இருக்கும் சின்ன மின்சுற்றுப் பலகை. உங்களைத் தொந்தரவு செய்வது இதுதான்.

அந்தப் பலகையில் ஒரு சாய்வு உணரி இருக்கும். பெரும்பாலும் ஒரு சிறிய கூட்டுக்குள் உருளும் குண்டு. சில மாதிரிகளில் அந்தக் குண்டு ஓர் ஒளிக்கதிரை மறைத்துத் திறக்கும். பெட்டி அசையும்போதெல்லாம் குண்டு உருண்டு, பலகையிலுள்ள சில்லுக்குச் செய்தி சொல்லும். செய்தி வரவில்லையென்றால் சில்லு நேரத்தை எண்ணத் தொடங்கும். பெரும்பாலான தயாரிப்புகளில், அடித்தகடு துணியின்மேல் படிந்தபடியோ பெட்டி பக்கவாட்டில் விழுந்தபடியோ கிடந்தால் 30 விநாடி, நிமிர்த்தி வைத்திருந்தால் 8 நிமிடம். நேரம் முடிந்ததும் ரிலே பிரிந்துவிடும். தம்பி கம்பி போட்டு இணைக்கச் சொல்வது இந்த ரிலேயின் தொடுமுனைகளைத்தான். இணைத்த பின்னும் தெர்மோஸ்டாட்டும் வெப்ப ஃபியூஸும் வேலை செய்யும். அதாவது, உங்கள் பெட்டி நம் அம்மாக்கள் வைத்திருந்த பழைய மின் இஸ்திரிப் பெட்டியைப் போல ஆகிவிடும், அவ்வளவுதான். இந்த இடத்தில்தான் தம்பிகள் "பிறகென்ன?" என்று கேட்பார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். நம் மலேசியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 2,400 வாட் பெட்டி ஒன்று ஏறத்தாழ பத்தரை ஆம்பியர் எடுக்கும். பெட்டியைக் குப்புறப் போட்டுவிட்டு நீங்கள் வாசலில் யாருடனோ பேசிக்கொண்டு நின்றாலும் அது எடுப்பது அதே பத்தரை ஆம்பியர்தான். அதனால் மூன்று முள் பிளக்கிலுள்ள 13 ஆம்பியர் ஃபியூஸ் எரியாது. மின்னோட்டம் அளவு மீறினால் விழும் எம்.சி.பி.யும் மின்பெட்டியில் விழாது. கசிவு மின்சாரத்துக்காக வைத்திருக்கும் இ.எல்.சி.பி.யும் விழாது, ஏனென்றால் கசிவு எதுவும் இல்லை. தெர்மோஸ்டாட் அடித்தகட்டை 200 பாகையிலேயே வைத்திருக்கும். அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. பருத்தித் துணியும், அதன் கீழுள்ள நுரைப் பஞ்சும், தேய்க்கும் பலகையும் அந்தச் சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் பழுப்பேறிக் கருகி, பிறகு கனலத் தொடங்குவதை இந்தக் காவல்களுள் எதுவும் பார்க்காது. மறதியைப் பார்ப்பது கைப்பிடியிலுள்ள அந்தச் சின்ன மின்சுற்றுப் பலகை ஒன்றுதான். ஆர்டர் குவிந்து, அடுப்பில் குழம்பும் வைத்துவிட்டு, ஒரே ஆளாக வேலை செய்யும் வீட்டில் அதை எடுத்துவிட எனக்கு மனம் வராது.

இன்னொரு காரணம் தம்பிக்கு. இந்தப் பலகைகளில் மின்மாற்றி கிடையாது. மேசைவிளக்கைத் திறந்து பழகியவர்கள் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள். ஒரு மின்தேக்கி வழியாக 230 வோல்ட்டைக் குறைத்து ரிலேக்கும் சில்லுக்கும் கொடுத்திருப்பார்கள். ஆகவே பலகையின் எந்தப் புள்ளியும் வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கிறது; அங்கே 'குறைந்த வோல்ட்' என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையில் மட்டும் உண்மை, உங்கள் விரலுக்கும் தரைக்கும் இடையில் உண்மையன்று. பிளக்கைக் கழற்றிய பின்னும் அந்த மின்தேக்கியில் மின்னேற்றம் தங்கியிருக்கக் கூடும். போதாக்குறைக்கு, கையால் ஒட்டிய கம்பி இணைப்பு நீராவியிலும் ஆட்டத்திலும் பத்து ஆம்பியர் சுமந்தால் மெல்லத் தளரும். தளர்ந்த இணைப்பு தானே சூடாகும், அதுவும் நீங்கள் பிடித்திருக்கும் கைப்பிடிக்குள். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சிரிம் என்ற தரச்சான்று முத்திரை, அது ஆலையிலிருந்து வந்த நிலைக்குக் கொடுத்தது. கம்பி போட்ட பெட்டியை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

எட்டு நிமிடத்தை இருபது நிமிடமாக நீட்டிக் கொடுக்க முடியாதா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். இன்றைய பெட்டிகளில் அந்த எட்டு நிமிடம் சில்லின் நிரலுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. எந்த உறுப்பை மாற்றினாலும் நீளாது.

வேலை நடக்க வேண்டுமே, அதற்கு வழி சொல்கிறேன். உங்களுக்கு வாய்த்தது வீட்டுப் பெட்டி. தொழிலுக்கு உரிய பெட்டி அன்று. தானே அணையும் பலகை இல்லாத, கனமான, நீராவி இல்லாத சாதாரணப் பெட்டிகள் சிரிம் முத்திரையோடு இன்னும் விற்பனையில் இருக்கின்றன. அவற்றின் தடித்த அடித்தகடு சூட்டை நீண்ட நேரம் பிடித்து வைக்கும். தையல் மடிப்பை அழுத்துவதற்கு எடையும் உதவும். அதை வாங்கிய பின், எடுத்துப்போட்ட காவலுக்கு ஈடாக ஒன்றை வெளியே வையுங்கள். தையல் அறையில் இஸ்திரிப் பெட்டிக்கென்று தனிச் சொருகி ஒன்றைப் போட்டு, அதன் சுவிட்சை, எரிந்தால் சிவப்பு விளக்குத் தெரியும் வகையாக, அறை வாசலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். வெளியே போகும்போது கண்ணில் படாமல் இருக்காது. இந்த வேலையை உரிமம் பெற்ற வயர்மேன் செய்யட்டும். தோட்டத்துப் பழைய வீடாக இருந்தால் அந்த வரிசையின் கம்பித் தடிப்பையும் எர்த் இணைப்பையும் அவர் கையோடு பார்த்துவிடுவார். அது செலவென்று தோன்றினால், கையால் முறுக்கி வைக்கும் நேரக் கடிகைச் சொருகி ஒன்று, 13 ஆம்பியருக்குக் குறையாததாக, சிரிம் முத்திரையோடு வாங்கிப் பொருத்துங்கள். அரைமணி முறுக்கினால் அரைமணி எரியும்; தொடர்ந்து வேலை இருந்தால் மறுபடி முறுக்கலாம். அதில் இஸ்திரிப் பெட்டியைத் தவிர வேறெதையும் சொருகாதீர்கள்.

எதுவும் வாங்காமல் இந்தத் தீபாவளியைக் கடத்த வேண்டுமானால், மெஷினிலிருந்து கை எட்டும் தூரத்தில் பெட்டியை வையுங்கள். நூல் வெட்டும்போதெல்லாம் ஒருமுறை அசைத்து வைத்தால் எண்ணிக்கை மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். அல்லது நாலைந்து ரவிக்கைகளின் தோள், பக்கத் தையலையெல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிட்டு மொத்தமாக அழுத்துங்கள். பெரிய தையல் கடைகளில் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டி கையில் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அரை நிமிடத்துக்கு ஒருமுறை அணைகிறது என்றால், அது இயல்பன்று, பழுது. சாய்வு உணரியின் குண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது நீராவி பலகைக்குள் இறங்கியிருக்கிறது. அந்த உணரியை மாற்றிவிடலாம். பெட்டி அணையவே இல்லையென்றால் ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டியிருக்கலாம். அதுவும் பழுதுதான், வசதியன்று.

கேள்வி: வேலை இடத்து விடுதியில் தங்கியிருக்கிறேன். எரிவாயு அடுப்புக்கு அனுமதி இல்லை. ரைஸ் குக்கரிலேயே வெங்காயம் வதக்கி, சம்பல் செய்து, பிறகு கறி வைக்கலாம் என்று பார்த்தால், எண்ணெய் சூடாகும்முன்பே விசை மேலே குதித்துவிடுகிறது. அறைத் தோழர் ரப்பர் வளையத்தால் விசையை இழுத்துக் கட்டிவிடுகிறார். நான் உள்ளே இருக்கும் காந்தத்தைக் கழற்றிவிட்டு ஒரு சாதாரணச் சுவிட்சு போடலாமா என்று யோசிக்கிறேன்.
– தொழிற்சாலை ஊழியர், சுங்கை சிப்புட்

பதில்: குக்கரில் அந்தக் காந்தத்தைக் கழற்றிவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் சூட்டுத் தட்டு.

சாதாரண ரைஸ் குக்கரின் நடுவில், சுருள்வில்லின்மேல் உட்கார்ந்து பானையின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் வட்டமான உறுப்பைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் ஒரு நிலைக்காந்தமும், அதை ஒட்டி ஃபெரைட் என்ற பொருளும் இருக்கின்றன. குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டினால் ஃபெரைட் காந்தத்தால் ஈர்க்கப்படும் குணத்தையே இழந்துவிடும். அந்த எல்லையைக் கியூரி வெப்பநிலை என்பார்கள். குக்கர்களுக்கென்று செய்யும் ஃபெரைட்டில் அது ஏறத்தாழ 103 பாகை. பானையில் தண்ணீர் இருக்கும்வரை அடிச்சூடு 100 பாகையை ஒட்டியே நிற்கும். அரிசி தண்ணீரை முழுக்க உறிஞ்சியதும் சூடு ஏறும், ஃபெரைட் கைவிடும், வில் தள்ளும், விசை குதிக்கும். இதில் சில்லும் இல்லை, நிரலும் இல்லை. இவ்வளவு எளிய பொருளால் இவ்வளவு துல்லியமாக வேலை செய்யும் சாதனம் நம் சமையலறையில் வேறு ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எண்ணெய் ஊற்றினால் அங்கே 100 பாகையில் நிறுத்திவைக்கத் தண்ணீர் இல்லை. சூடு உடனே 103-ஐத் தாண்டும், விசை குதிக்கும். குக்கர் தவறு செய்யவில்லை.

ரப்பர் வளையம் போட்டால் தட்டு ஏறிக்கொண்டே போகும். முதலில் பலியாவது உங்கள் பானையின் ஒட்டாப் பூச்சு. அது 260 பாகைக்குமேல் சிதையத் தொடங்கி, மூச்சுக்கு ஆகாத புகையை விடும். அதற்கு முன்பே, அதிர்ஷ்டம் இருந்தால், அடியில் வெள்ளை உறைக்குள் படுத்திருக்கும் வெப்ப ஃபியூஸ் அறுந்து குக்கர் செத்துப்போகும். இங்கேதான் அடுத்த ஆபத்து தொடங்குகிறது. செத்த குக்கரைத் தூக்கிக்கொண்டு போனால், சில இடங்களில் அந்த ஃபியூஸை எடுத்துவிட்டு ஒரு கம்பித் துண்டைப் போட்டுக் கொடுக்கிறார்கள். குக்கர் வேலை செய்யும், நீங்களும் மகிழ்ச்சியாகத் திரும்புவீர்கள். அன்றிலிருந்து அந்தக் குக்கருக்குக் கடைசிக் காவல் கிடையாது. அப்படித் திரும்பி வந்த குக்கர்களை நானே திறந்து பார்த்திருக்கிறேன்.

வெப்ப ஃபியூஸின் உடலிலேயே எத்தனை பாகை, எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். அதே எண்ணுள்ளதைத்தான் போட வேண்டும். அதை ஈயம் வைத்து ஒட்டவும் கூடாது. ஒட்டும் சூட்டிலேயே அது உள்ளுக்குள் அறுந்துவிடும். உலோகக் குழலை வைத்து நெரித்து இணைப்பதுதான் முறை. பழுதுபார்ப்பவர் அதை எப்படி இணைக்கிறார் என்று பார்த்தாலே அவர் தொழிலை அறிந்தவரா என்று தெரிந்துவிடும்.

உங்களுக்கு வேண்டியது வதக்கும் சாதனம். விடுதியில் அனுமதித்தால், வதக்குவதற்கென்றே அளவு வைத்த சிறிய மின்பானையோ இண்டக்ஷன் அடுப்போ வாங்குங்கள். குக்கரில் தண்ணீர் ஊற்றிச் செய்யும் எதையும் தாராளமாகச் செய்யலாம். சூப்பு, கஞ்சி, பருப்பு எதற்கும் விசை குதிக்காது.

இதே கடிதப் பையில் ஒரு பாட்டி, சோறு வேகும்முன்பே விசை குதிக்கிறது என்று எழுதியிருக்கிறார். பாட்டி, பானையை எடுத்துவிட்டுத் தட்டைப் பாருங்கள். ஒரு காய்ந்த சோற்றுப் பருக்கை போதும், பானை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்க. தட்டின் சூடு பானைக்குப் போகாமல் நடு உறுப்பைச் சுட்டுவிடும். தட்டைத் துடைத்து, பானை வைத்ததும் இடமும் வலமும் ஒரு சுற்றுச் சுற்றி அமர்த்துங்கள். அடி நெளிந்த பானையாக இருந்தால் பானையைத்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி: அம்மா நாற்பது ஆண்டுகளுக்குமேல் பால்மரம் சீவி ஓய்வு பெற்றவர். முழங்கால் வலிக்கு மின் ஒத்தடப் பட்டை வாங்கிக் கொடுத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது. நடு இரவில் வலியில் எழுந்து என்னைக் கூப்பிடுகிறார். நானே மின்தொழிலாளி, அந்தக் கைக்கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, விடியும்வரை எரியும்படி செய்வது எனக்குப் பெரிய வேலையன்று. அம்மாவுக்கு இனிப்பு நீர் நோயும் இருக்கிறது. கவனிக்க வேண்டியது என்ன?
– மகன், தோட்டக் குடியிருப்பு

பதில்: கடைசிக்கு முந்திய வரியில் நீங்கள் போகிற போக்கில் எழுதியதுதான் விஷயமே. செய்யாதீர்கள், ஐயா. இதில் மின்சுற்றைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. தோலைப் பற்றித்தான் பேச வேண்டும்.

தோல் வெந்துபோக அடுப்புச் சூடு தேவையில்லை. மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1947-இல் வெளியிட்ட ஆய்வில், தோலின் மேற்பரப்பு 44 பாகையில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் இருந்தாலே தீக்காயம் உண்டாகும் என்று காட்டினார்கள். அதற்குமேல் ஒவ்வொரு பாகை கூடும்போதும் தேவைப்படும் நேரம் ஏறத்தாழப் பாதியாகிறது. 44 பாகை என்பது கை வைத்தால் இதமாக இருக்கும் சூடு. அதில் அம்மா நிம்மதியாகத் தூங்கிவிடுவார். ஆறு மணி நேரம் என்பது ஒரு தூக்கம். பட்டையை வடிவமைத்தவர்கள் ஒன்றரை மணியில் வெட்டியது மின்சாரத்தை மிச்சப்படுத்த அன்று.

நல்ல உடம்பாக இருந்தால் சூடு கூடும்போது தூக்கத்திலேயே காலை இழுத்துக்கொள்வோம். இனிப்பு நீர் நோய் பல ஆண்டுகள் நீடித்தவர்களுக்குக் காலில் உணர்வு மங்கிப்போவது உண்டு, சுடுவது தெரியாது. காயம் பட்டால் ஆறுவதும் தாமதம். காலையில் துணியை விலக்கிப் பார்க்கும்போதுதான் கொப்புளம் தெரியும். அதிலிருந்து புண், புண்ணிலிருந்து மருத்துவமனை. பட்டையை மடித்துக் கட்டினாலோ, மேலே கனத்த போர்வை போட்டாலோ, அதன்மேல் கால் அழுத்திப் படுத்தாலோ சூடு வெளியேற வழியின்றி அந்த இடம் கைப்பெட்டியில் வைத்த அளவைவிடக் கூடுதலாகவே ஏறும்.

பட்டையை எடுத்து வைத்துவிட்டு, அம்மாவை அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். காலில் உணர்வு எவ்வளவு இருக்கிறது என்று சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது தெரியாமல் வெந்நீர்ப் பை, சூடான மணல் ஒத்தடம் என்று வேறு சூட்டுக்கும் மாறிவிடாதீர்கள். மருத்துவர் அனுமதித்தால், தூங்குவதற்கு முன், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, பதினைந்து இருபது நிமிடம் வைத்து எடுத்துவிடலாம். நடு இரவு வலிக்கு மருந்தும் பயிற்சியும் அவர்களிடமே கேளுங்கள்.

கேள்வி: மின்துறை மாணவன் நான். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய, பேட்டரியில் எரியும் மேசைவிளக்கு அரைமணியில் அணைந்துவிடுகிறது. படிப்பதற்கு அது போதவில்லை. திறந்து பார்த்ததில் பதினாறு கால் சில்லு ஒன்று, 4060 என்று எழுதியிருக்கிறது. நேரத்தை நீட்ட முடியுமா, அல்லது இதற்கும் "தொடாதே" என்பதுதான் பதிலா?
– மாணவர்

பதில்: தொடலாம், தம்பி. உங்கள் விளக்கு ஒரு லித்தியம் செல்லில், நாலு வோல்ட்டுக்கும் சற்று மேலே கீழே ஓடுகிறது. அணைக்காமல் விட்டால் செல் தீரும், வேறொன்றும் எரியாது. வீட்டு மின்சாரத்தில் ஓடும் பொருளில் செய்யக் கூடாத பயிற்சியை இதில் செய்து பழகுங்கள். மின்னேற்றும் கம்பியைக் கழற்றிவிட்டு மட்டும் வேலை செய்யுங்கள்.

4060 என்பது தன்னுள்ளேயே ஓர் அலையியற்றியும், ஒவ்வொன்றாகப் பாதியாக்கிக்கொண்டு போகும் பதினான்கு கட்ட எண்ணியும் கொண்ட சில்லு. 9, 10, 11 ஆகிய மூன்று கால்களைச் சுற்றித்தான் நேரம் இருக்கிறது. 10-ஆம் காலிலிருந்து ஒரு மின்தடையும், 9-ஆம் காலிலிருந்து ஒரு மின்தேக்கியும், 11-ஆம் காலிலிருந்து இன்னொரு பெரிய மின்தடையும் ஒரே புள்ளியில் வந்து சேரும். ஓர் அலையின் நேரம், 10-ஆம் காலின் மின்தடையையும் மின்தேக்கியையும் பெருக்கி, அதை ஏறத்தாழ 2.3-ஆல் பெருக்கினால் கிடைக்கும். மின்தடை ஒரு மெகா ஓம், மின்தேக்கி 0.1 மைக்ரோ ஃபாரட் என்று வைத்துக்கொண்டால், ஓர் அலைக்கு 0.23 விநாடி. கடைசிக் கட்டத்தின் வெளியீடான 3-ஆம் கால் 8,192 அலை எண்ணியதும் உயரும். பெருக்கிப் பாருங்கள், 1,884 விநாடி, அதாவது 31 நிமிடத்துக்குச் சற்றுமேல். உங்கள் பலகையில் இதே மதிப்புகளோ, பெருக்குத் தொகை இதை ஒட்டிய வேறு மதிப்புகளோதான் இருக்கும்.

இருக்கும் மின்தேக்கிக்குப் பக்கத்தில், அதே மதிப்புள்ள இன்னொன்றை இணையாக ஒட்டினால் நேரம் இரட்டிப்பாகி ஒரு மணியைத் தொடும். மின்தடையைக் கூட்டியும் செய்யலாம், ஆனால் ஒரு மெகா ஓமுக்குமேல் போனால் பலகையிலுள்ள ஈரமும் ஒட்டுப் பசையின் மிச்சமும்கூட நேரத்தைக் கெடுக்கும். நம் ஊர் ஈரக் காற்றில் இது வெறும் பேச்சன்று. மின்தேக்கி பீங்கான் அல்லது படல வகையாக இருக்கட்டும். நேர்முனை எதிர்முனை குறித்த மின்பகு வகை வேண்டாம். இங்கே அதன் குறுக்கே மின்னழுத்தம் இரு திசையிலும் மாறும், அதற்குக் கசிவும் அதிகம்.

மாற்றிய பின் ஒரு மணி நேரம் உட்கார்ந்து காத்திருக்க வேண்டாம். 7-ஆம் கால் பதினாறு அலைக்கு ஒருமுறை ஏறி இறங்கும். அங்கே மல்ட்டிமீட்டரை வைத்து, ஒரு முழு ஏற்ற இறக்கத்துக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து அதை 512-ஆல் பெருக்குங்கள். பழைய மதிப்புக்கு 3.7 விநாடியை ஒட்டி வரும், இரட்டிப்பாக்கியதும் 7.4-ஐ ஒட்டி வர வேண்டும். பத்து ஏற்ற இறக்கத்தைச் சேர்த்து அளந்து பத்தால் வகுத்தால் இன்னும் துல்லியம்.

செல்லோடு ஒட்டியிருக்கும் மெல்லிய பச்சைப் பட்டை ஒன்றைப் பார்ப்பீர்கள். அது நேரத்துக்காக அன்று. செல் அளவுக்குமேல் காலியாகும்போதும், அளவுக்குமேல் மின்னேறும்போதும் துண்டிப்பதற்காக இருக்கிறது. "விளக்கு இன்னும் கொஞ்சம் எரியுமே" என்று அதை ஒதுக்கிக் கம்பி போட்டால், காலியாகிக் கெட்டுப்போன செல்லில் அடுத்த முறை மின்னேற்றும்போது அது வீங்கித் தீப்பிடிக்கக் கூடும். நீங்கள் மாற்றுவது 4060-ஐச் சுற்றியுள்ள மின்தேக்கியை மட்டும். அடுத்த விளக்கைத் திறக்கும்போது 4060-க்குப் பதிலாகப் பெயரில்லாத எட்டுக் கால் சில்லு இருந்தால், மூடி வைத்துவிடுங்கள். நேரம் அதன் நிரலுக்குள் இருக்கிறது.

கேள்வி: எங்கள் மின்கெட்டில் தண்ணீர் கொதித்தும் அணைவதில்லை. தானே அணையும் சுவிட்சை எடுத்துவிட்டு, சாதாரணச் சுவிட்சு மாட்டிக்கொள்ளலாமா?
– இல்லத்தரசி, சுங்கை சிப்புட்

பதில்: மாட்ட வேண்டாம். முதலில் மூடியைச் சரியாக அழுத்தி மூடிப் பாருங்கள். கெட்டிலை அணைப்பது தண்ணீரன்று, நீராவி. கொதிக்கும்போது எழும் ஆவி, மேலேயுள்ள ஒரு சின்னத் துளை வழியாகக் கைப்பிடிக்குள் இறங்கி, அங்கேயுள்ள உலோகத் தகட்டைச் சுட்டு வளைத்தால்தான் விசை விழும். மூடி திறந்திருந்தாலோ, துளையில் உப்புப் படிவு அடைத்திருந்தாலோ ஆவி அங்கே போகாது, கெட்டில் கொதித்துக்கொண்டே இருக்கும். பிளக்கைக் கழற்றி, கெட்டில் ஆறிய பின், துளையைப் பல்குத்தியால் சுத்தம் செய்து, பாதிக் கெட்டில் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டுச் சூடாக்கி ஊறவைத்து, நன்றாகக் கழுவிவிடுங்கள். அப்படியும் அணையவில்லையென்றால் தகடு களைத்துவிட்டது. வெற்றுக் கெட்டில் காயும்போது துண்டிக்கும் இன்னொரு தகடும் அதே தொகுப்பின் அடியில் இருப்பதால், தொகுப்பு முழுவதையும் மாற்ற வேண்டும். மலிவான கெட்டிலுக்கு அந்தச் செலவு தகாது. புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். பழையதைத் தூக்கிப் போடும்முன் அதன் கம்பியை வெட்டிவிடுங்கள், வேறொருவர் எடுத்துப் போய்ச் சுவிட்சு மாட்டாமல் இருக்க.